இத்துடன் இன்றைய ஒளிபரப்பு நிறைவடைகிறது: பழைய டிவி சின்னங்கள் மீது ஏன் இவ்வளவு பாசம்?

1996 செப்டம்பரில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்து டபிள்யூபிவிஐ தொலைக்காட்சி தன் செய்தியறிக்கையின் முகப்பு இசையைக் கொஞ்சம் மெருகேற்றிப் பார்த்தது. மெட்டை மாற்றவில்லை. 1970களின் தொடக்கத்திலிருந்து தினமும் ஒலித்துவந்த அதே மெட்டை லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவினரை வைத்து வாசிக்கவைத்தார்கள், அவ்வளவுதான். புகார்கள் குவிந்தன. சில நாட்களுக்குள் பழைய ஒலிப்பதிவையே திரும்பப் போட வேண்டியதாயிற்று. உலகத் தரத்து இசைக்குழு வாசித்ததைக் கேட்டுவிட்டு, "எங்களுக்குப் பழசே போதும்" என்று மக்கள் சொல்லிவிட்டார்கள்.

முகப்பு இசை, சுழலும் உலக உருண்டை, நள்ளிரவில் ஒளிபரப்பை முடிக்கும்போது வரும் கொடியும் தேசிய கீதமும், வண்ணப் பட்டைகள் என்று இவற்றுக்கெல்லாம் உலகம் முழுக்க இன்று ரசிகர்கள் உண்டு. ஐம்பது வயதுக்காரர்கள் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் பிறந்தே இருக்காதவர்களும் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். அழகுக்காகப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் இவற்றில் பாதி அழகுக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. சட்டம் கேட்டதால் வந்தவை சில, பொறியாளர் கேட்டதால் வந்தவை சில, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே இருந்த ஓட்டையை அடைக்க வந்தவை மிச்சம். என் கணிப்பில் இவை எல்லைக்கற்கள். அன்றைய தொலைக்காட்சிக்கு ஓர் ஊர் இருந்தது, ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. அந்த எல்லைகள் போனபிறகு, கற்கள் மட்டும் நினைவில் நிற்கின்றன.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசியின் விதிப்படி, ஒவ்வொரு நிலையமும் ஒளிபரப்பைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும், இடையில் மணிக்கொரு முறையும் தன் அழைப்பெழுத்துகளையும் (நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்துகள்) உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சொல்லியாக வேண்டும். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே என்றால் முதல் எழுத்து பெரும்பாலும் டபிள்யூ, மேற்கே என்றால் கே. விதி இன்றும் இருக்கிறது. மூலையில் பொடி எழுத்தில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அந்த சில விநாடிகளைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆள் இருந்தார்கள்.

அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான என்பிசியின் புகழ்பெற்ற மூன்று மணியொலியும் வானொலிக் காலத்தில் இப்படி வந்ததுதான். "தலைமையகத்தின் நிகழ்ச்சி முடிந்தது, இனி உங்கள் ஊர் அறிவிப்பைப் போடலாம்" என்று கிளை நிலையங்களுக்குச் சொல்லும் சமிக்ஞை அது. 1950-ல் அது வணிக முத்திரையாகவே பதிவானது. அமெரிக்காவில் ஓர் ஒலிக்கு அப்படிப் பதிவு கிடைத்தது அதுவே முதல் முறை. 1956-ல் வந்த என்பிசி மயிலுக்கும் ஒரு வியாபாரக் காரணம் உண்டு. என்பிசியின் உரிமையாளரான ஆர்சிஏ நிறுவனம் கலர் டிவி விற்றுக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர் மயில் தோகை விரிப்பதைப் பார்த்து, தான் எதை இழக்கிறோம் என்று உணர வேண்டும். விளம்பரம் என்று யாருக்கும் தோன்றாத விளம்பரம்.

அப்புறம் பொறியாளர் கேட்டவை. டெஸ்ட் கார்டு எனப்படும் அந்த நிலைப்படம், கேமராவும் ஒளிபரப்புக் கருவியும் வீட்டுப் பெட்டியும் சரியாக இயங்குகின்றனவா என்று சோதிப்பதற்கான அளவுகோல். வட்டம் முட்டையாகத் தெரிந்தால் ஒன்று, கோடுகள் ஒன்றோடொன்று கலங்கினால் இன்னொன்று என்று டிவி பொருத்தவருபவர் அதைப் பார்த்துத்தான் திருகுவார். ஆர்சிஏ 1939-ல் வெளியிட்ட படத்தில், தலையில் இறகு சூடிய செவ்விந்தியத் தலைவரின் முகம் இருந்தது. பல்லாயிரம் இரவுகளில் ஓடிய அந்தப் படத்தின் மூல ஓவியம், 1970-ல் நியூஜெர்சியின் ஹாரிசனில் இருந்த ஆர்சிஏ ஆலையை இடித்தபோது குப்பையோடு குப்பையாகக் கிடந்தது. இடிப்பு வேலைக்கு வந்த ஒரு தொழிலாளி எடுத்துவைத்ததால் பிழைத்தது.

பிரிட்டனில் 1967 ஜூலையில் வந்தது டெஸ்ட் கார்டு எஃப். பிபிசி பொறியாளர் ஜார்ஜ் ஹெர்சி தன் எட்டு வயது மகள் கேரலையே உட்காரவைத்துப் படமெடுத்தார். பக்கத்தில் ஒரு கோமாளி பொம்மை, கரும்பலகையில் பாதியில் நிற்கும் எக்ஸ்-ஓ விளையாட்டு. சும்மா வைத்தவை அல்ல. சிறுமியின் தோல் நிறம், கலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. பலகையில் இருக்கும் எக்ஸ் குறி, திரையின் மிகச் சரியான நடுப்புள்ளி. கேரல் வளர்ந்து பெரியவரான பிறகும் அந்த எட்டு வயது முகம் தினமும் மணிக்கணக்கில் திரையில் இருந்தது. மொத்தம் சுமார் 70,000 மணி நேரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எந்த நட்சத்திரத்துக்கும் அவ்வளவு திரைநேரம் கிடைத்திருக்காது. டெஸ்ட் கார்டுக்குப் பின்னணியில் ஓடிய, பெயர் தெரியாத இசைத்துண்டுகளைச் சேகரிப்பவர்கள்கூட இருக்கிறார்கள்.

சின்னங்களின் அழகு என்று பேசினால், கையால் செய்ததன் அழகு என்றுதான் சொல்ல வேண்டும். 1953-ல் ஆப்ரம் கேம்ஸ் பிபிசிக்குச் செய்துகொடுத்த முதல் அசையும் சின்னம், கம்பியும் விளக்கும் சேர்த்துக் கட்டிய ஒரு பொறி. வௌவால் சிறகு என்று பட்டப்பெயர் வைத்தார்கள். படம்பிடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் அது பழுதாகிவிட்டது.

1969 முதல் 1985 வரை பிபிசி ஒன்றில் சுழன்ற உலக உருண்டையும் நிஜப் பொருள்தான். ஒரு பெட்டிக்குள் சின்ன உருண்டை, பின்னால் வளைந்த கண்ணாடி. கண்ணாடியில் உலகின் மறுபக்கம் விரிந்து தெரியும். இதில் வேடிக்கை, எடுத்த கேமரா கறுப்பு வெள்ளை. நீலத்தையும் மஞ்சளையும் மின்னணு முறையில் பிறகு சேர்த்தார்கள். அறிவிப்பாளர் பேசும்போது அந்த உருண்டை எங்கோ ஓர் அறையில் உண்மையாகவே சுழன்றுகொண்டிருந்தது. 1985 பிப்ரவரியில் கணினி உருண்டை வந்து அதை ஓய்வுக்கு அனுப்பியது.

பிரிட்டனின் ஐடிவி, பகுதிக்கொரு நிறுவனம் என்று பிரித்து நடத்தப்பட்டது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். கிழக்கு இங்கிலாந்தின் ஆங்லியாவுக்குக் குதிரையில் அமர்ந்த வெள்ளி வீரன் சிலை, பின்னணியில் ஹேண்டலின் இசை. தேம்ஸ் என்றால் நீரில் பிரதிபலிக்கும் லண்டன் கட்டடங்கள். பிரான்சின் ஆன்டென் 2, 1975 முதல் சில ஆண்டுகளுக்கு ஓவியர் ஜான் மிஷெல் ஃபோலோனின் படத்தோடு தொடங்கி அதே படத்தோடு முடிந்தது. கோட்டுப் போட்ட மனிதர்கள் வெளிர் வானத்தில் மெல்லப் பறப்பார்கள், மிஷெல் கொலொம்பியேயின் இசை கூடவே வரும். இந்தத் துறையில் ஒரே ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

1970களின் பிற்பகுதி அமெரிக்கச் சின்னங்களில் ஓர் ஒளிவெள்ளம் தெரியும். எழுத்துகள் நெளிந்து, மின்னி, வால் நீட்டிப் பறந்து வரும். அதில் கணிசமான பங்கு ஸ்கேனிமேட் என்ற கருவியின் கைவண்ணம். கணினிதான், ஆனால் டிஜிட்டல் அல்ல. ஓர் ஓவியத்தைக் கேமராவில் காட்டி, அதன் மின்சமிக்ஞையையே குமிழ்களைத் திருகி வளைப்பார்கள். இயக்குபவரின் கை அன்று எப்படித் திரும்பியதோ அப்படித்தான் படம். அதே அசைவை இன்னொரு நாள் துல்லியமாகக் கொண்டுவருவது கடினம். இன்றைய மென்பொருளில் அந்தத் தோற்றத்தைப் போலி செய்பவர்கள் தடுமாறும் இடமும் இதுவே. எல்லாம் அளவுக்கு மீறிச் சரியாக வந்துவிடுகிறது.

பணம் கொட்டினால் நல்ல சின்னம் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஏபிசி 1963-ல் ஊழியர்களிடையே போட்டி வைத்தது. மின்சமிக்ஞையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் கருவியின் திரையில் தெரியும் ஓர் அலைவளைவை வரைந்து கொடுத்த பில் கென்னார்டுக்குக் கிடைத்தது 25 பவுண்டு. சின்னம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மாறாக, என்பிசி பெரும்பணம் செலவழித்து மயிலைத் தள்ளிவிட்டு 1976 தொடக்கத்தில் ஒரு பெரிய 'என்' எழுத்தைக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட அதே எழுத்தை நெப்ராஸ்காவின் கல்வித் தொலைக்காட்சி சொற்பச் செலவில் ஏற்கெனவே செய்து வைத்திருந்தது. வழக்கு வந்தது. கடைசியில் எட்டு லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள கருவிகளையும் பணத்தையும் கொடுத்து என்பிசி சமரசம் செய்துகொண்டது. மயில் பிறகு மெதுவாகத் திரும்பி வந்துவிட்டது.

சரி, செய்திக்கு வருவோம். ஒருவர் மேசையில் அமர்ந்து தாளைப் பார்த்து வாசிப்பதுதான் தொலைக்காட்சிச் செய்தி என்று இருந்ததை, 1965-ல் ஃபிலடெல்ஃபியாவில் செய்தி இயக்குநர் அல் ப்ரிமோ மாற்றினார். களத்துக்குப் போன நிருபரே திரையில் வந்து தான் கண்டதைச் சொல்லட்டும் என்றார். தொழிற்சங்க ஒப்பந்தப்படி இதற்காக அவர்களுக்குத் தனிக் கட்டணம் தர வேண்டியதில்லை என்பதையும் கண்டுபிடித்திருந்தார். 'ஐவிட்னஸ் நியூஸ்' என்ற இந்தப் பாணியை 1968-ல் நியூயார்க்கின் டபிள்யூஏபிசிக்குக் கொண்டுபோனபோது முகப்பு இசை தேவைப்பட்டது. 'கூல் ஹேண்ட் லூக்' என்ற 1967-ஆம் ஆண்டுப் படத்தில், கைதிகள் வெயிலில் சாலைக்குத் தார் போடும் காட்சிக்கு லாலோ ஷிஃப்ரின் அமைத்திருந்த இசையை எடுத்துக்கொண்டார்கள். தந்தி இயந்திரம் தட்டுவதுபோன்ற அந்தத் துடிப்பு, செய்திக்கென்றே பிறந்ததுபோலப் பொருந்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் நைன் நெட்வொர்க்வரை அது போனது. சிறைக் கைதிகளின் வியர்வைக்கு எழுதிய இசை, இரு கண்டங்களில் மாலைச் செய்தியின் அடையாளமானது.

இந்த ஏக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த முரண் இதற்கு அடுத்து வருகிறது. 1980களில் அமெரிக்க, கனடிய ஊர்களில் வளர்ந்தவர்களிடம் கேட்டால், "எங்கள் ஊர் சேனலுக்கு ஒரு பாட்டு உண்டு" என்று கண்கலங்குவார்கள். ஊரின் தெருக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தீயணைப்பு வீரர்கள் எல்லாரும் வந்து கையசைப்பார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லும் பாட்டு. அதை எழுதித் தயாரித்தவர் ஃபிராங்க் கேரி. மில்வாக்கிக்கு ஒன்று, கால்கரிக்கு ஒன்று என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பல நிலையங்களுக்கு விற்ற பொதி அது. பாட்டு பொதுவானது என்று தெரிந்தபிறகும் யாருக்கும் பாசம் குறைந்ததாகத் தெரியவில்லை. திரையில் ஓடிய தெரு அவர்கள் தெருதான் என்பது போதுமானதாக இருந்திருக்கிறது.

அரசுத் தொலைக்காட்சிகளின் கதை வேறு. அங்கே ஒரே சின்னம், ஒரே இசை, முழு நாட்டுக்கும். ஜெர்மனியின் தாகெஸ்ஷாவ் செய்தியறிக்கை 1952 டிசம்பரில் தொடங்கியது. அதன் கண்டாமணி ஒலி இன்றும் இரவு எட்டுக்கு ஒலிக்கிறது. சோவியத்தின் 'வ்ரெம்யா' செய்தியறிக்கைக்கு ஸ்விரிடோவின் பாய்ந்தோடும் இசை. இந்தியாவில் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து 1976 ஏப்ரல் 1-ல் தனி அமைப்பானபோது, தேசிய வடிவமைப்புக் கழக மாணவர் தேபாஷிஷ் பட்டாச்சார்யா வரைந்த கண் சின்னமும், உஸ்தாத் அலி அகமது ஹுசைன் கானோடு பண்டிட் ரவிசங்கர் அமைத்த ஷெனாய் இசையும் வந்தன. இரண்டு வளைவுகள் சுழன்று சுழன்று கண்ணாகக் கூடும் அந்த சில விநாடிகளை மறந்தவர் குறைவு. "தடங்கலுக்கு வருந்துகிறோம்" பலகையையும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி, முடிவு. ஒளிபரப்பு ஏன் முடிய வேண்டியிருந்தது? இரவு முழுக்கக் காட்ட நிகழ்ச்சி இல்லை, பார்க்க ஆளில்லை, டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரமும் பராமரிப்பும் தேவை. சில இடங்களில் அரசே மணி குறித்தது. பிரிட்டனில் ஒளிபரப்பு நேரத்துக்கான கட்டுப்பாடு 1972 வரை நீடித்தது. அடுத்த ஆண்டே எரிபொருள் நெருக்கடி வந்து, சில வாரங்களுக்கு இரவு பத்தரைக்கே கடையைக் கட்டச் சொன்னார்கள். ஐஸ்லாந்து இன்னும் ஒரு படி மேல். 1987 வரை அங்கே வியாழக்கிழமை தொலைக்காட்சியே கிடையாது. பல ஆண்டுகள் ஜூலை மாதம் முழுக்க விடுமுறை வேறு.

முடிப்பதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பாணி. ஜப்பானின் என்எச்கே, பறக்கும் கொடியோடு தேசிய கீதமான கிமிகாயோவை ஒலிக்கவிட்டது. அமெரிக்க நிலையங்களில் நிலையத்தின் அழைப்பெழுத்து, அலைவரிசை, டிரான்ஸ்மிட்டரின் சக்தி எல்லாவற்றையும் ஒரு குரல் நிதானமாகப் படிக்கும், பிறகு தேசிய கீதம். சில ஊர்களில், 19 வயதில் உயிரிழந்த விமானி ஜான் மகீயின் கவிதை ஜெட் விமானக் காட்சிகளோடு வரும். சோவியத்தில் நயமெல்லாம் இல்லை. "டிவியை அணைக்க மறந்துவிடாதீர்கள்" என்ற எழுத்து கண்சிமிட்டும், தூங்கிப்போனவர் எழும்படி பீப் ஒலி அலறும். பழைய பெட்டிகள் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை, அதனால் அது அலங்கார வாசகம் அல்ல.

நியூசிலாந்து செய்ததுதான் எல்லாவற்றிலும் அன்பானது. ஒரு கார்ட்டூன் கிவிப் பறவை நிலையத்தின் இயந்திரங்களை அணைக்கிறது, பால் போத்தலை வெளியே வைக்கிறது, லிஃப்டில் ஏறிக் கோபுர உச்சிக்குப் போகிறது. அங்கே இருக்கும் டிஷ்தான் அதன் கட்டில். கூடவே ஒரு பூனை. பின்னணியில் 'ஹினே இ ஹினே' என்ற மாவோரித் தாலாட்டு. அதைப் பார்ப்பதற்காக விழித்திருக்க அடம்பிடித்த பிள்ளைகள் ஒரு தலைமுறையே உண்டு. 1994-ல் 24 மணி நேர ஒளிபரப்பு வந்ததும் கிவிக்கு வேலை போயிற்று.

எல்லாம் முடிந்தபின் திரையில் புள்ளிமழை. எந்த நிலையமும் இல்லாதபோது ஆன்டெனா பிடிக்கும் இரைச்சல் அது. அதில் சுமார் ஒரு சதவீதம், பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்து இன்னும் பரவிக்கொண்டிருக்கும் கதிர்வீச்சு. டிவி காட்டியதிலேயே பழைய நிகழ்ச்சி அதுதான் போலும்.

இரவில் ஒளிபரப்பை முடிக்கும் இந்தச் சடங்கைக் கொன்றது யார் என்றால், பலர் சிஎன்என்னைக் காட்டுவார்கள். 1980 ஜூன் 1-ல் அது தொடங்கியபோதே, உலகம் அழியும்வரை ஒளிபரப்பை முடிக்கமாட்டோம் என்ற பொருளில் அதன் நிறுவனர் டெட் டர்னர் அறிவித்தார். அந்தக் கடைசி நாளுக்காக ஓர் இசைக்குழு கிறித்தவப் பாடல் ஒன்றை வாசிக்கும் காணொளியைப் படம்பிடித்தே வைத்துவிட்டார். 2015-ல் அது கசிந்தபோது, கேலி என்று நினைத்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். ஆனால் ஊர் நிலையங்களின் இரவை மாற்றியது சிஎன்என்னைவிட 1984-ஆம் ஆண்டு முடிவுதான். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை நிமிடம் விளம்பரம் போடலாம் என்ற வரம்பை எஃப்சிசி நீக்கியது. அரைமணி நேரமும் விளம்பரமே நிகழ்ச்சியாக ஓடலாம் என்றானதும், யாரும் பார்க்காத நள்ளிரவும் காசானது. கொடியை ஓட்டினால் வருமானம் இல்லை. கத்தி விற்றால் உண்டு. பிரிட்டனில் பிபிசி ஒன்று 1997 நவம்பரில் இரவு முழுக்கத் தன் செய்தி சேனலைக் காட்டத் தொடங்கியதோடு இந்தச் சடங்கு முடிந்தது. 2002-ல் இங்கிலாந்தின் ஐடிவி பகுதிப் பெயர்களையும் பெரும்பாலும் கைவிட்டது.

ஏக்கம் என்றதும் எல்லாருக்கும் இனிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய தயாரிப்பு நிறுவனச் சின்னங்கள் சிலவற்றைக் கண்டு குழந்தைகள் நடுங்கியிருக்கிறார்கள். ஸ்கிரீன் ஜெம்ஸின் 1965-ஆம் ஆண்டுச் சின்னத்துக்கு, எரிக் சிடேயின் சிந்தசைசர் ஒலியால், 'நரகத்து எஸ்' என்றே பெயர் விழுந்தது. நள்ளிரவில் ஆளில்லாத திரை பேசுவது அச்சம் தரும். அனலாக் ஹாரர் என்று இன்று ஒரு திகில் வகையே அதிலிருந்து கிளைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் அரசியல். 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது சோவியத் தொலைக்காட்சி 'ஸ்வான் லேக்' பாலே நடனத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியது. தலைவர்கள் இறந்தபோதும் இப்படித்தான். அங்கே வளர்ந்தவருக்கு அந்த இசை கேட்டால் வேறு ஏதோ நடக்கிறது என்றுதான் மனம் சொல்லும். ஒரே ஒரு சேனல் என்பதில் எல்லாரும் ஒன்றாகப் பார்த்தோம் என்ற கதகதப்பு உண்டு. வேறு எதையும் பார்க்க விடவில்லை என்பதும் அதே ஏற்பாடுதான்.

இவையெல்லாம் இன்று நமக்குக் கிடைப்பதே தற்செயல். வீடியோ டேப் விலை அதிகம், அதனால் நிலையங்கள் அழித்து அழித்து மறுபடி பதிந்தன. நாடகங்களுக்கே அந்தக் கதி என்றால், இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவில் வந்த அறிவிப்பை யார் சேமிப்பார்கள்? 1970களின் நடுவில் டிவியைப் பதிவுசெய்யும் பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் டேப் கருவிகள் வீட்டுக்கு வந்தன. சினிமாவைப் பதிவுசெய்ய வைத்துவிட்டுத் தூங்கிப்போனவரின் டேப்பின் வால்பகுதியில்தான் பல நிலையங்களின் கடைசி அறிவிப்பு உயிரோடு இருக்கிறது. விளம்பரம் வேண்டாம் என்று கவனமாக நிறுத்தி நிறுத்திப் பதிந்தவர்களின் டேப்புகளில் சேகரிப்பாளர்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. சோம்பேறிகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

தெரிந்தே செய்தவர்களும் உண்டு. நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்டிலிருந்து அமெரிக்க மாலைச் செய்திகளைப் பதிவுசெய்துவருகிறது. ஃபிலடெல்ஃபியாவின் மேரியன் ஸ்டோக்ஸ் தன் வீட்டில் பல டிவிகளையும் ரெக்கார்டர்களையும் வைத்து, 1979 முதல் 2012-ல் இறக்கும்வரை இரவும் பகலும் செய்தி சேனல்களைப் பதிந்தார். சுமார் 70,000 டேப்புகள் சேர்ந்தன. இன்டர்நெட் ஆர்க்கைவ் அவற்றைப் பெற்றுக்கொண்டது. ஒவ்வொன்றும் ஆறேழு மணி நேரம் ஓடக்கூடிய டேப். உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், டேப் மாற்றும் நேரம் வந்தால் குடும்பத்தோடு எழுந்து வீட்டுக்கு ஓடுவாராம்.

இன்றைய ஒளிபரப்பை அப்படிச் சேமிப்பது கடினம். செட்டாப் பாக்ஸில் பதிந்தது பெரும்பாலும் அந்தப் பெட்டியைவிட்டு வெளியே வராதபடி பூட்டப்பட்டிருக்கிறது. பெட்டி பழுதானால் பதிவும் போயிற்று. ஆப்பில் பார்க்கும் சேனலில் இடையில் வரும் விளம்பரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததும் நாம் பார்த்ததும் ஒன்றல்ல. நிகழ்ச்சி முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுவதால், நடுவில் பதிய ஒன்றும் மிஞ்சுவதும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து யாராவது 2020களின் டிவி எப்படி இருந்தது என்று தேடினால், நிகழ்ச்சிகள் எல்லாம் கிடைக்கும். அவற்றுக்கு நடுவே இருந்தது கிடைக்காது.